பழைய எஃகு இழுவைக் கப்பலைச் சீரமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பல் கட்டும் தளத்தில் ஒரு பழைய இழுவைக் கப்பலைக் கரையேற்றிவிட்டால் போதும், வருவோர் போவோர் எல்லாரும் அதன் அருகில் நின்று கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வாங்க நினைப்பவர், வாங்கிவிட்டுத் தூக்கம் தொலைத்தவர், பாதி வேலையில் கைப்பணம் தீர்ந்தவர், வெல்டிங் நன்றாகத் தெரிந்தும் கப்பல் வேலைக்குப் புதியவர் என்று பலரும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. சிக்கலானவை பின்னால் இருக்கின்றன.

இழுவைக் கப்பல் சின்னதாகத்தானே இருக்கிறது? மற்ற படகைப் போல இதையும் சரிசெய்துவிட முடியாதா?

உருவம் சிறியது, உள்ளே இருப்பது பெரியது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய கப்பலை இழுக்கவும் தள்ளவும் கட்டப்பட்ட கலம் இது. அதனால் உடலின் அளவுக்குப் பொருந்தாத பெரிய இன்ஜின், தடித்த தகடுகள், நெருக்கமாக வைத்த விலாச்சட்டங்கள், நீருக்குள் ஆழமாக இறங்கும் பின்பகுதி என்று எல்லாமே கனம். 1803-இல் ஸ்காட்லாந்தின் கால்வாய் ஒன்றில் ‘சார்லட் டண்டாஸ்’ என்ற நீராவிப் படகு, தலா 70 டன் சுமையுள்ள இரண்டு தோணிகளை இழுத்துக் காட்டியது. அன்று தொடங்கி இந்தத் தொழிலின் இலக்கணம் மாறவில்லை: சிறிய உடலில் பெரிய பலம்.

வாழ்நாள் முழுதும் மற்றக் கப்பல்களோடு முட்டி மோதியே பிழைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத் தகடுகள் விலாச்சட்டங்களுக்கு இடையே உள்வாங்கி, பட்டினி கிடந்த மாட்டின் விலாப்போலத் தெரிவது இதனால்தான். அந்த நெளிவு எல்லாமே பழுது என்று எண்ண வேண்டாம். எது பழுது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

இவ்வளவு துருப்பிடித்ததை உடைத்து விற்றுவிடலாமே? எதற்கு இந்தப் பாடு?

பெரும்பாலான பழைய இழுவைக் கப்பல்களுக்கு முடிவு அதுதான், அதில் தவறும் இல்லை. ஆனால் சில கப்பல்களில் ஒரு காலத்தின் பொறியியல் அப்படியே உயிரோடு இருக்கிறது. 1907-இல் கட்டப்பட்ட ‘ஹெர்குலிஸ்’ இன்று சான் பிரான்சிஸ்கோவில் தன் நீராவி இன்ஜினோடு காப்பாற்றப்பட்டு நிற்கிறது. 1903-இல் பிறந்த ‘டேனியல் ஆடம்சன்’ உடைப்புக்குப் போகவிருந்த நிலையில் 2004-இல் ஒரு பவுண்டுக்குக் கைமாறி, ஆர்வலர்களின் பல்லாண்டு உழைப்பால் 2016-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது.

என் கணக்கு இது: முதலில் பொருத்திய இன்ஜின் இன்னும் உள்ளே இருக்க வேண்டும், உடலின் பெரும்பகுதி பழைய தகடாகவே மிஞ்ச வேண்டும், சீரமைத்த பிறகு அதைக் கட்டி வைக்க நிரந்தரமான இடம் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான் அதிகம் தவித்திருக்கிறார்கள். எஃகுக் கப்பல் சீரமைத்து முடித்த மறுநாளே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்குகிறது.

வாங்குவதற்கு முன் ஒரு நாள்தான் கிடைத்தது. எதைப் பார்ப்பது?

ஒரு கிலோவுக்கும் குறைவான சுத்தியல், நல்ல டார்ச் விளக்கு, அழுக்கானால் கவலைப்படாத உடை. மேல்தளத்தையும் மாலுமி அறையையும் ரசிப்பதில் நேரம் செலவிடாதீர்கள். நேராக இன்ஜின் அறையின் தரைத்தகட்டைத் தூக்கி அடியில் இறங்குங்கள். கப்பலின் உண்மை அங்கேதான் இருக்கிறது. நல்ல தகட்டைத் தட்டினால் மணிபோலக் கணீரென்று ஒலிக்கும், சுத்தியல் துள்ளும். நொந்த தகடு ‘தொப்’ என்று சொல்லும், சுத்தியல் ஒட்டிக்கொண்டதுபோல நிற்கும்.

துரு அதிகம் தின்னும் இடங்கள் இவை: வெளியே காற்றும் நீரும் மாறி மாறிப் படும் நீர்க்கோட்டுப் பட்டை, உள்ளே இன்ஜின் மேடைக்கு அடி, நங்கூரச் சங்கிலி அறை, கழிவறைத் தரை, தொட்டிகளின் ஓரம், மரப்பலகை போர்த்திய சுவரின் பின்புறம். சுருங்கச் சொன்னால், ஈரம் தங்கும், கை நுழையாத இடங்கள்.

அடிப்பகுதியில் சிமென்ட் பூசியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. தகட்டைக் காக்கச் சிமென்ட் பூசுவது பழைய, நல்ல வழக்கம்தான். ஆனால் சிமென்டின் ஓரம் எஃகைவிட்டு விலகினால் நடுவே நீர் புகுந்து தேங்கும். நான் வேலை செய்த ஒரு கப்பலில் உள்ளங்கை அகலச் சிமென்ட் பொறுக்கை உளியால் பெயர்த்தோம். அதன் அடியில் ஒட்டிக்கொண்டே தகடும் வந்தது, பப்படத்தின் கனத்தில். அந்தக் கப்பலை அவ்விடத்தில் மிதக்க வைத்திருந்தது சிமென்ட் மட்டும்தான். நல்லவேளையாக நாங்கள் அப்போது கரையில் இருந்தோம். தண்ணீரில் இருக்கும் கப்பலில் சிமென்டைப் பெயர்க்காதீர்கள். நொந்த இடத்தைச் சுத்தியலால் ஓங்கி அடிக்கவும் வேண்டாம்.

பெரிய பெரிய துருப் பொறுக்காக உதிர்கிறது. தகடே போய்விட்டது என்று அர்த்தமா?

பயந்துவிட வேண்டாம். எஃகு துருவாக மாறும்போது பல மடங்கு பருமனாகிறது. விரல் கனத்துக்கு உதிரும் பொறுக்கு, தகட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இழப்பாக மட்டுமே இருக்கலாம். மாறாக, வழவழப்பாகப் பெயிண்ட் பூசிய இடம் காகிதமாக மெலிந்திருக்கவும் கூடும். கண் இந்த விஷயத்தில் நம்பத்தக்க சாட்சி இல்லை.

தடிமன் சோதனை என்கிறார்களே, அதை எப்படிச் செய்கிறார்கள்? எவ்வளவு குறைந்தால் மாற்ற வேண்டும்?

மீயொலிக் கருவியின் சிறிய முனையைத் தகட்டில் வைத்தால், அது அனுப்பும் ஒலி மறுபக்கம் வரை சென்று எதிரொலித்துத் திரும்பும். எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் வேகத்தில் போகும் என்பதால், திரும்ப எடுத்த நேரத்திலிருந்து தடிமன் தெரிந்துவிடும். பெயிண்டைச் சுரண்டாமலே, பல எதிரொலிகளை ஒப்பிட்டு எஃகின் தடிமனை மட்டும் சொல்லும் கருவிகளும் உண்டு.

கப்பல் தர நிர்ணய அமைப்புகள் பொதுவாக, முதல் தடிமனில் 20 முதல் 25 சதவீதம் வரை தேய்ந்தால் பொறுக்கின்றன. 10 மில்லிமீட்டர் தகடு 7.5-க்குக் கீழே போனால் அதை வெட்டி மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கப்பலுக்கு உரிய சரியான எல்லையை ஆய்வாளர்தான் முடிவு செய்வார். முதல் தடிமன் வரைபடத்தில் இருக்கும். வரைபடம் தொலைந்திருந்தால், நன்றாகக் காக்கப்பட்ட உலர்ந்த மூலை ஒன்றில் அளந்து ஊகிக்கலாம்.

ஒவ்வொரு தகட்டிலும் நாலைந்து இடமாவது அளந்து, எண்ணைத் தகட்டின் மீதே சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். பின்பு அதைக் கப்பலின் உடல் தகடுகளைத் தட்டையாக விரித்துக் காட்டும் விரிப்பு வரைபடத்தில் ஏற்றி, நல்லது பச்சை, சந்தேகம் மஞ்சள், போனது சிவப்பு என்று வண்ணமிடுங்கள். அந்த ஒரு தாள்தான் வேலை முழுவதற்கும் வழிகாட்டி. அது இல்லாமல் சொல்லப்படும் எந்த மதிப்பீட்டையும் நான் நம்புவதில்லை.

தண்ணீரில் மிதக்கும்போதே வேலை செய்ய முடியாதா?

நீர்க்கோட்டுக்கு மேலே பலவற்றைச் செய்யலாம். கீழே முடியாது. தகட்டின் மறுபக்கத்தில் நீர் இருந்தால் வெல்டிங் சட்டென்று குளிர்ந்து நொறுங்கும் தன்மை பெறும். மெலிந்த தகடாக இருந்தால் வெல்டிங் கம்பியே ஓட்டை போட்டுவிடும். ஆக, கப்பலை உள்ளே விட்டு நீரை வடித்துவிடும் உலர் துறைக்குள்ளோ, மிதக்கும் துறையிலோ, சறுக்குத் தளத்திலோ ஏற்றித்தான் ஆகவேண்டும்.

உலர் துறைக்குள் கொண்டுபோகும்போது கவிழ்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

அந்தப் பயம் நியாயமானது. இழுவைக் கப்பலின் அடிமரம், அதாவது கீல், பின்பக்கம் ஆழமாகச் சரிந்திருக்கும். நீர் வடியும்போது முதலில் பின்முனை மட்டும், துறையின் தரையில் அடுக்கிய கட்டைமேல் உட்காரும், முன்பகுதி இன்னும் மிதந்துகொண்டிருக்கும். கட்டை கீழிருந்து மேல்நோக்கித் தாங்குகிறது அல்லவா? அந்த விசை, கப்பலின் அடியிலிருந்து அதே அளவு எடையை எடுத்துவிட்டதற்குச் சமம். கப்பலின் நிலைப்புத்தன்மை அந்தச் சில நிமிடங்கள் குறைந்துகொண்டே போகும். கீல் முழுதும் கட்டைகளில் படிந்து பக்கத் தாங்கிகள் இறுகும்வரை அது ஆபத்தான நேரம்.

இதைச் சமாளிக்கும் வழி முன்கூட்டியே செய்யும் கணக்கில் இருக்கிறது. கட்டைகளைக் கீலின் சரிவுக்கு ஏற்ப உயரம் மாற்றி அடுக்க வேண்டும். அதற்குரிய துறையேற்ற வரைபடம் இல்லையென்றால் அளந்து தயாரிக்க வேண்டும். பாதி நிரம்பிய தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே அலையும் நீர் கப்பலைச் சாய்ப்பதற்கு உதவும் என்பதால், முழுதும் காலி அல்லது முழுதும் நிறைவு. கப்பல் எந்தப் பக்கமும் சாயாமல் நிமிர்ந்து நுழைய வேண்டும்.

வேலையை எதிலிருந்து தொடங்குவது? இன்ஜின்தானே கப்பலின் இதயம்?

இன்ஜினைப் பிரித்துப் பளபளப்பாக்கி, ஓடவைத்து, அதன் சத்தத்தைப் பதிவு செய்து எல்லாருக்கும் காட்டிய பிறகு, அதற்கு அடியிலுள்ள தகடு போய்விட்டது தெரிந்து மீண்டும் எல்லாவற்றையும் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உடல் முதலில். அதிலும் அடிப்பகுதி முதலில். நச்சுப் பொருள்களை அகற்றுவது, தடிமன் அளப்பது, தகடு மாற்றுவது, பூச்சு, புரொப்பெல்லர் தண்டும் சுக்கானும், அதற்குப் பின்தான் இன்ஜின். கடைசியில் மரவேலையும் அலங்காரமும். மனம் இந்த வரிசையைத் தலைகீழாகவே விரும்பும். புகைபோக்கிக்கு வண்ணம் தீட்டும் ஆசையை ஒத்திப்போடுவது கடினம்தான், எனக்கும் தெரியும்.

மூடிக்கிடந்த தொட்டிக்குள் ஐந்து நிமிடம் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன ஆகிவிடும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். துருப்பிடித்தல் என்பதே ஆக்சிஜனைத் தின்னும் செயல். ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த எஃகுத் தொட்டியில், சாதாரணக் காற்றில் இருக்கும் 20.9 சதவீத ஆக்சிஜன் உயிர் வாழப் போதாத அளவுக்கு இறங்கியிருக்கலாம். வாசனை வராது, மூச்சுத் திணறாது, எச்சரிக்கையே இருக்காது. இறங்கியவர் ஏணியின் அடியிலேயே மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் பதறி இறங்கும் இரண்டாமவரும் விழுவார். கப்பல் தளங்களில் இப்படி ஒருவர் பின் ஒருவராக இறந்த துயரங்கள் மீண்டும் மீண்டும் நடந்திருக்கின்றன.

மூடியைத் திறந்து, மின்விசிறியால் காற்றை ஓட்டி, கருவியால் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளந்து, ஆக்சிஜன் முழு அளவில் இருந்தால் மட்டும் இறங்க வேண்டும். எரிவாயுவும் நச்சு வாயுவும் இல்லை என்பதையும் அதே கருவி காட்ட வேண்டும். மேலே ஒருவர் நகராமல் நிற்க வேண்டும், அவர் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக் கூடாது. உதவி வேண்டுமென்றால் சுவாசக் கருவியுடன் ஆட்களை அழைப்பதுதான் அவர் வேலை.

பழைய பெயிண்டை நாங்களே சுரண்டிவிடலாமா?

முதலில் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். பழைய எஃகுக் கப்பலின் அடிப்பூச்சு பெரும்பாலும் ஈயச் செந்தூரம். அரைத்தால் ஈயத் தூசு, சூடேற்றினால் ஈயப் புகை. வீட்டுக்குப் போகும் உடையில் ஒட்டிக் குழந்தைகளையும் சேரும். நீருக்கடியில் இருக்கும் பகுதியில், பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடித்த கரிம வெள்ளீயப் பூச்சு மிஞ்சியிருக்கலாம். கடல் உயிர்களுக்கு அது செய்த கேட்டினால் 2008 முதல் உலக அளவில் தடை செய்யப்பட்டது.

இன்ஜின் அறையில் வெந்நீர்க் குழாய், புகைக் குழாய், கொதிகலன் மீது சுற்றியிருக்கும் வெண்ணிறப் போர்வையைக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்றே முதலில் கருதுங்கள். புதிதாகக் கல்நார் பொருத்துவதைக் கடல் விதிகள் 2002-இல் பெருமளவும் 2011-இல் முழுமையாகவும் தடுத்துவிட்டன. அதற்கு முன் கட்டிய கப்பலில் இணைப்புத் தகடு, கயிற்று அடைப்பு, அறைச்சுவர் என எங்கும் இருக்கலாம். இதை அகற்றுவது பயிற்சி பெற்ற, உரிமம் உள்ளவர்களின் வேலை. பணம் மிச்சம் பிடிக்க இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஓட்டை விழுந்த இடத்துக்கு மேலே இன்னொரு தகட்டை வைத்து வெல்டிங் செய்துவிட்டால் முடிந்ததே?

ஒட்டுத் தகடு தற்காலிக மருந்து. கப்பலைத் தளம் வரை இழுத்து வருவதற்குச் சரி. நிரந்தரமாக வைத்தால், இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஈரம் சிக்கி, கண்ணுக்குத் தெரியாமல் தின்னும். ஒட்டின் விளிம்பை எதன்மேல் வெல்டிங் செய்கிறீர்கள்? ஏற்கெனவே மெலிந்த பழைய தகட்டின்மேல். சில ஆண்டுகளில் அந்த விளிம்பை ஒட்டியே அடுத்த கசிவு வரும், அதற்கு இன்னொரு ஒட்டு. மூன்று அடுக்கு ஒட்டுகள் போட்ட கப்பலை வெட்டியபோது, நடுவில் இருந்த பழைய தகடு வெறும் கருந்தூளாகக் கொட்டியதைக் கையில் அள்ளியிருக்கிறேன்.

முறையான வழி, நல்ல தடிமன் உள்ள இடம் வரை வெட்டி எடுத்துவிட்டு அதே கனமுள்ள புதுத் தகட்டைப் பொருத்துவது. எவ்வளவு தூரம் வெட்டுவது என்பதை முன்பு சொன்ன வண்ணத் தாள் காட்டும்.

புதுத் தகட்டின் மூலைகளை ஏன் வளைவாக வெட்டுகிறார்கள்? சதுரமாக வெட்டினால் வேலை சுலபம்தானே?

கூர்மூலையில் விசை குவியும், விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். அதனால் மூலைக்குக் குறைந்தது 75 முதல் 100 மில்லிமீட்டர் ஆரம் கொடுக்கிறார்கள். கைக்குட்டை அளவுக்குச் சிறிய தகடும் வேண்டாம், 300 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வெல்டிங் சுருங்கும் விசையே தகட்டைக் கிழிக்கப் பார்க்கும்.

ஒரே பக்கத்தில் பல தகடுகளை ஒன்றாக வெட்டித் திறந்துவிடாதீர்கள். உடல் தொய்ந்து, புதுத் தகடு பொருந்தாமல் போகும். ஒன்றை வெட்டு, பொருத்து, பிறகு எதிர்ப்பக்கம் போ. வெல்டிங்கையும் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே ஓட்டமாக இழுக்காமல், துண்டு துண்டாகப் பின்னோக்கி வைத்து வந்தால் நெளிவு குறையும். முடிந்ததும் கசிவு பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது: வெளிப்பக்க இணைப்பில் சுண்ணாம்பு பூசி உலரவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் வெள்ளையில் கருங்கறை பூக்கும்.

வெட்டும்போதும் வெல்டிங்கின்போதும் சுவரின் மறுபக்கத்தில் ஒருவர் தீயணைப்பானுடன் நிற்க வேண்டும். எரிவது எப்போதும் நீங்கள் பார்க்காத பக்கம்தான். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் அவர் அங்கேயே இருக்கட்டும்.

எங்கள் கப்பல் ரிவெட் அடித்துக் கட்டியது. அதில் வெல்டிங் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் ஒவ்வோர் அடியிலும் யோசித்து. ரிவெட்டைச் செஞ்சூடாகப் புகுத்தி அடித்து விரித்தால், அது குளிரும்போது சுருங்கி இரு தகடுகளையும் இறுகக் கவ்வும். அந்தக் கவ்வல்தான் பலம். அருகில் வெல்டிங்கின் வெப்பம் பட்டால் அது தளரும். நேற்றுவரை கசியாத ஒரு வரிசை இன்று கசியும், அதை அடைக்க வெல்டிங் வைத்தால் அடுத்த வரிசை கசியும். இந்தத் துரத்தலுக்கு முடிவே இல்லை.

கசியும் இணைப்பை முதலில் பழைய முறைப்படி, தகட்டின் விளிம்பை மழுங்கிய உளியால் அடித்து நெருக்கி அடைத்துப் பாருங்கள். மரக்கலத்தில் பலகை இடுக்குகளை நார் திணித்து அடைக்கும் கலப்பற்று வேலை எப்படியோ, எஃகில் இது அப்படி. தளர்ந்த ரிவெட்டைக் கண்டுபிடிக்க ஒரு பக்கம் விரல் வைத்து மறுபக்கம் லேசாகத் தட்டினால் போதும், விரலுக்கு அதிர்வு தெரியும். பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரசும் கூடுதலாக இருந்து வெல்டிங்கில் விரிசல் விடக்கூடும். ஆகவே சிறு துண்டை வெட்டி வேதிச் சோதனைக்கு அனுப்பிய பிறகே வெல்டிங் கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா ரிவெட் கலங்களும் அருமையானவை, எல்லா வெல்டிங் கலங்களும் சாதாரணம் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் பாகம் பாகமாகச் செய்து இணைத்த ‘டிஐடி’ இழுவைக் கப்பல்கள் முழுதும் வெல்டிங்கில் ஆனவை. அவையும் இன்று பாதுகாக்கத்தக்க வரலாறு.

துருவை எடுக்க மணல் வீச்சு நல்லதா, தண்ணீர் வீச்சு நல்லதா?

ஆற்று மணலோ கடல் மணலோ வேண்டவே வேண்டாம். அதன் சிலிக்காத் தூசு நுரையீரலை மீட்க முடியாதபடி கெடுக்கும். கார்னெட் போன்ற தாதுத் துகளைப் பயன்படுத்துங்கள். வெறும் எஃகு சாம்பல் வெண்மையாகத் தெரியும் அளவுக்கு, அதாவது ‘எஸ்ஏ இரண்டரை’ என்ற தரத்துக்கு வந்தால் பூச்சு நன்றாகப் பிடிக்கும். உயர் அழுத்த நீர் வீச்சு உப்பையும் கழுவிவிடும், தூசும் குறைவு, ஆனால் பூச்சு பற்றிக்கொள்ளும் சொரசொரப்பைப் புதிதாக உண்டாக்காது. முன்பு நன்றாகத் துகள் வீச்சு செய்த உடலுக்கு நீர் போதும். மெலிந்த தகட்டில் எந்த வீச்சும் ஓட்டையைத் திறந்து காட்டும். அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விலை உயர்ந்த எபாக்சி அடித்தோம். ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பிவிட்டது. பெயிண்ட் மோசமா?

பெயிண்டைக் குறை சொல்வதற்கு முன், அதன் கீழே என்ன இருந்தது என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பு எஃகில் மிஞ்சியிருந்தால், அது பூச்சின் வழியே நீரை உறிஞ்சிக் கொப்புளமாக்கும். வீச்சுக்கு முன்னும் பின்னும் நன்னீரால் கழுவி, உப்பை அளக்கும் ஒட்டுச் சோதனை செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் பனி. எஃகின் வெப்பம், நீராவி பனியாக மாறும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. விடியற்காலையில் தொட்டால் சில்லென்று இருக்கும் தகட்டில் அடித்த பெயிண்ட், நீர்ப்படலத்தின் மீது அடித்த பெயிண்ட்.

மூன்றாவது, ஓரங்கள். கூரிய விளிம்பிலிருந்து பெயிண்ட் விலகி மெலிந்துவிடும். ஒவ்வொரு விளிம்புக்கும் வெல்டிங் வரிக்கும் ரிவெட் தலைக்கும் முதலில் தூரிகையால் தனியாக ஒரு கை அடித்துவிட்டுத்தான் முழுப் பரப்புக்கும் போக வேண்டும். சலிப்பான வேலை. பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான்.

அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகளுக்கும் பெயிண்ட் அடிக்கலாமா?

கூடாது. எஃகுக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. பெயிண்ட் அடித்தால் வேலை நின்றுவிடும். கடல் நீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம். ஓராண்டு கழித்துப் பார்க்கும்போது கட்டி புதிது போலவே இருந்தால் மகிழாதீர்கள், உடலோடு அதன் மின்தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள்.

முப்பது ஆண்டு ஓடாத இன்ஜின். ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாமா?

அந்த ஒரு முறையில் உடைந்த இன்ஜின்கள் உண்டு. முதலில் பக்கக் கதவுகளைத் திறந்து அடி எண்ணெயில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். எரிபொருள் தெளிப்பான்களைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் மெல்லிய எண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊறவிடுங்கள். பிறகு கையால் சுழற்றும் பல்சக்கரத்தைக் கொண்டு அங்குலம் அங்குலமாகத் திருப்புங்கள். எங்காவது தட்டினால் பலம் காட்டாதீர்கள், திறந்து பாருங்கள். வால்வோ பிஸ்டன் வளையமோ ஒட்டியிருக்கும்.

பழைய இழுவைக் கப்பல் டீசல்கள் பல, 25 முதல் 30 பார் அழுத்தக் காற்றால் கிளம்புபவை. கியர்பெட்டி இல்லாத வகையில், பின்னோக்கிப் போக வேண்டுமானால் இன்ஜினையே நிறுத்தி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை நகர்த்தி, எதிர்த்திசையில் மறுபடி கிளப்ப வேண்டும். இப்படித் திசை மாற்றும் இன்ஜினுக்கு, காற்றுக் கலத்தை இடையில் நிரப்பாமலே 12 தடவை கிளம்பும் அளவுக்குக் காற்று வேண்டும் என்பது விதி. அந்தக் கலத்தின் உட்புறத் துருவும், கிளப்பும் வால்வுகளின் கசிவும் வெடிப்புக்கு வழி செய்யும். ஆகவே கலத்தை நீர் அழுத்தச் சோதனை செய்து சான்று பெறும்வரை காற்றடைக்காதீர்கள்.

புரொப்பெல்லர் தண்டை வெளியே இழுத்துப் பார்த்தே தீரவேண்டுமா?

வேண்டும். உலர் துறையில் இருக்கும்போது செய்யாவிட்டால் மறுபடி இன்னொரு துறையேற்றம். புரொப்பெல்லர் உட்காரும் சாய்வான முனையும், அதைத் தண்டோடு பூட்டும் சாவிக்கான காடியும் விரிசலுக்குப் பேர்போன இடங்கள். சாயம் அல்லது காந்தத் துகள் கொண்டு சோதிக்க வேண்டும். வெண்கலப் புரொப்பெல்லர் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலிருந்து துத்தநாகம் கரைந்து, பலமற்ற செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தண்டு சுழலும் குழாயில் பழைய கப்பல்களுக்கு லிக்னம் வைட்டே என்ற, நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான மரத்தால் தாங்கி செய்திருப்பார்கள். நீர்தான் அதற்கு எண்ணெய். அதைத் திறந்த நாள் முதல் ஈரச் சாக்கைப் போர்த்தி நனைத்துக்கொண்டே இருங்கள், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த மரத்தின் வணிகம் இன்று பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் இருப்பதால், கையில் இருப்பதைக் காப்பது இன்னும் முக்கியம்.

தண்ணீரில் இறக்கும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

துறையேற்றியதும் தொட்டிகளை வடிக்க அடித்தகட்டிலுள்ள திருகு அடைப்பான்களைக் கழற்றியிருப்பீர்கள். எத்தனை கழற்றினோம், எங்கே, யார் கையில் இருக்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நான் ஒரு மரப்பெட்டியில் எண் போட்ட குழிகளில் அவற்றை வைப்பேன். நீர் விடுவதற்கு முன் பெட்டி காலியாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் திரும்ப ஏறியதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

உள்ளே தரைத்தகடுகள் எல்லாம் திறந்திருக்கட்டும், அடிப்பகுதி உலர்ந்து துடைத்திருக்கட்டும். ஈரத்தரையில் கசிவு தெரியாது. ஒவ்வோர் அறைக்கும் ஒருவர் விளக்குடன் நிற்க, கட்டையைவிட்டு எழும்புவதற்கு முன் நீரை நிறுத்திவைத்து முழுச் சுற்றுப் பார்க்க வேண்டும். கட்டைகள் இருந்த இடங்களில் பெயிண்ட் அடித்திருக்க முடியாது. அந்த இடங்களைக் குறித்துவைத்து, அடுத்த முறை கட்டைகளை நகர்த்தி அடுக்கச் சொல்லுங்கள்.

கரையில் தண்டையும் இன்ஜினையும் நேர்க்கோட்டில் வைத்தோம். தண்ணீரில் இறக்கியதும் கோடு மாறிவிட்டது. யார் செய்த தவறு?

யாருடைய தவறும் இல்லை. கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும் உடலும், நீர் எல்லாப் பக்கமும் தாங்கும் உடலும் ஒரே வடிவில் இருப்பதில்லை. எஃகு உடல் வளையும். ஆகவே கரையில் வைப்பது ஏறக்குறைய. மிதந்து ஓரிரு நாள் நிலைத்து, எரிபொருளும் நீரும் நிறைந்த பிறகு, இணைப்புத் தட்டைத் திறந்து மீண்டும் அளக்க வேண்டும். இன்ஜினின் வளைதண்டு நெளிவையும் அப்போது நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் காட்டும் கடிகார மானியால் பார்க்க வேண்டும். அதுவரை இன்ஜினைச் சுமையில் ஓட்டாதீர்கள்.

பழைய பெரிய இன்ஜினை எடுத்துவிட்டு, அதே திறனுள்ள சின்ன இன்ஜினை வைத்தால் எடை குறையுமே, நல்லதுதானே?

எடை குறைவது அடியிலிருந்து. கப்பலின் ஈர்ப்பு மையம் அதனால் மேலேறும், சாய்ந்தால் நிமிரும் பலம் குறையும். கொதிகலனை எடுத்துவிட்டு மேலே புதிய அறைகளைக் கட்டிய கப்பல், துறைமுகத்தின் சின்ன அலைக்கே தள்ளாடுவதை நின்று பார்த்தால் நெஞ்சு பதறும். எடுத்த எடைக்கு ஈடாக அடியில் நிலைச்சுமை வைக்க வேண்டும், எவ்வளவு என்பதைச் சாய்வுச் சோதனை சொல்லும். தெரிந்த எடையை மேல்தளத்தில் குறுக்காக நகர்த்தி, ஊசல் கட்டிச் சாய்வை அளந்து, கப்பல் பொறியாளர் கணக்கிடுவார். பெரிய மாற்றம் எதுவும் செய்யாவிட்டாலும், சீரமைப்பு முடிந்ததும் இந்தச் சோதனையைச் செய்தே ஆகவேண்டும்.

பாதித் தகட்டை மாற்றிவிட்டால் இது அதே கப்பல்தானா?

வரலாற்று ஆர்வலர்கள் என்னிடம் கோபமாகக் கேட்டதும் உண்டு. மாற்றிய ஒவ்வொரு தகட்டின் உள்பக்கத்திலும் வெல்டிங் வரியாலேயே ஆண்டைப் பொறித்துவிடச் சொல்கிறேன். வெட்டி எடுத்ததில் ஒரு நல்ல துண்டைக் கப்பலிலேயே வைத்திருங்கள். தளர்ந்த ரிவெட் வரிசையை மாற்றும்போது, முடிந்த இடத்தில் ரிவெட்டையே அடியுங்கள். வெல்டிங் செய்துவிட்டுப் போலித் தலைகளை ஒட்டுவதை நான் ஏற்பதில்லை, அது அடுத்து வரும் ஆய்வாளரை ஏமாற்றும். அளவுகள், படங்கள், வண்ணத்தாள் எல்லாம் கப்பலோடு சேர்ந்த சொத்து.

எல்லாம் முடிந்தது. மறுபடி இழுவை வேலைக்கு விடலாமா?

உரிய சான்றுகள் கிடைத்தால் விடலாம். ஆனால் அதற்கு முன் இழுவைக் கொக்கியைப் பாருங்கள். பழைய இழுவைக் கப்பலில் கொக்கி கப்பலின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், தளத்தின் மேல் இருக்கும். சுலபமாகத் திரும்புவதற்காக அப்படி வைத்தார்கள். இழுக்கப்படும் கப்பல் முந்திக்கொண்டோ விலகியோ போனால், கயிறு பக்கவாட்டில் விறைத்து, இழுவைக் கப்பலைக் குறுக்காக இழுத்துச் சாய்க்கும். தள விளிம்பு நீரில் அமிழும், திறந்திருக்கும் கதவு வழியே நீர் புகும், நொடிகளில் கவிழும். இழுவைக் கப்பல்கள் மூழ்குவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

இதிலிருந்து தப்ப ஒரே வழி கொக்கியை உடனே விடுவிப்பது. பெயிண்ட் பல அடுக்கு ஏறி, அச்சு இறுகி, விடுவிக்கும் கைப்பிடி வெறும் அலங்காரமாகிப்போன கொக்கிகள் பல பார்த்திருக்கிறேன். அதைக் கழற்றி, ஒவ்வோர் அச்சையும் துலக்கி, விரிசல் சோதித்து, கயிற்றில் உண்மையான சுமை ஏற்றி, மாலுமி அறையிலிருந்தும் கொக்கியின் அருகிலிருந்தும் விடுவித்துப் பாருங்கள். நேராக இழுக்கும்போது விட்டால் மட்டும் போதாது. கயிறு குறுக்கே விறைத்திருக்கும்போதும் விட வேண்டும். இழுவையின்போது தளத்துக் கதவுகளும் சாளரங்களும் மூடியிருக்க வேண்டும், இன்ஜின் அறை எவ்வளவு கொதித்தாலும்.